ஓனரம்மாவின் அட்டை

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு செங்கல்பட்டுக்கு வந்தேன், கம்பெனி செலவில். அம்மா சாவுக்கு வராதவள் பீடி வாங்க வந்திருக்கிறாள் என்று ஊரில் யாராவது சொன்னால் அதில் ஒரு பொய்யும் இல்லை.

நான் வேலை பார்ப்பது கனடாவில், பூர்வகுடி மக்களுக்கென்று விடப்பட்ட நிலத்தில் இருக்கும் ஒரு சிகரெட் தொழிற்சாலையில். அதன் முதலாளிகளும் அந்தப் பூர்வகுடி மக்கள்தான். நான் அங்கே தரம் பார்ப்பவள். முதலாளி குடும்பத்தில் மூத்தவள் டயான். அறுபது வயது, குட்டை முடி, பெரிய குரல். யாரையும் எடுத்தெறிந்து பேசுவாள், அடுத்த நிமிடம் சூப் வாங்கித் தருவாள். யாரோ அனுப்பிய வீடியோவில், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு இருளர் பெண் சொந்தமாகப் பீடிக் கம்பெனி நடத்துவதை அவள் பார்த்துவிட்டாள். பூர்வகுடி கையால் சுற்றியதைப் பூர்வகுடி கடையில் விற்க வேண்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்தாள். "இது உன் ஊர்தானே, நீயும் வா" என்றாள். ஆமாம், என் ஊர்தான். அந்த ஊரில் யார் எதற்குச் சொந்தக்காரராக இருக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விமான டிக்கெட் கையில் இருக்கும்போது அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

திங்கட்கிழமை கோவளம் தாண்டி ஒரு விடுதியில் இறங்கினோம். வரும் வழியில் முட்டுக்காட்டுப் பாலத்தில் படகுத்துறைக்கு வந்த கார்களால் ஒன்றரை மணி நேரம் நின்றோம். வண்டியில் ஏசி கெட்டுப்போயிருந்தது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல், "கேஸ் கம்மியா கீது மேடம், கண்ணாடிய எறக்கிக்கங்க" என்றான். டயான் கண்ணாடியை இறக்கி, உப்பங்கழி நாற்றத்தை முழுசாக உள்ளே இழுத்து, எங்கள் ஊர் ஏரியும் கோடையில் இப்படித்தான் நாறும் என்று சந்தோஷப்பட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு இறால் வறுவல் கேட்டோம். வந்தது சோளமாவில் புரட்டிய ஏதோ ஒன்று. மாமல்லபுரம் வரை இந்தக் கடற்கரையில் இப்போது வெள்ளைக்காரர்களுக்கென்று தனி ருசி, தனி விலை. டயான் பழுப்பு நிறம்தான், ஆனால் டாலருக்கு ஏது நிறம்?

செவ்வாய்க்கிழமை திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி உள்ளே போனோம். மலைக்கோயிலுக்குத் தினமும் கழுகுகள் வந்து சோறு தின்னும் கதையை டிரைவர் சொன்னான். எங்கே என்று டயான் ஆவலாகக் கேட்டாள். "இப்ப வர்றதில்ல" என்று அவன் சொன்னதை மொழிபெயர்த்தேன். கழுகு டயானின் ஆட்களுக்குச் சாமி மாதிரி. அவள் அந்த மலையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி என்பது ஒரு தகரக் கொட்டகை. வாசலில் புதிய பெயர்ப்பலகை, அதில் 'உரிமையாளர்: கன்னியம்மா' என்று ஒரு முழம் எழுத்து. உள்ளே பதினாலு பெண்கள் தரையில் கால் நீட்டி, மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நனைத்த இலையைத் தகரத் துண்டை வைத்து அளவாகக் கத்தரிப்பது, தூளைத் தூவி உருட்டுவது, முனையை இரும்புக் குச்சியால் மடிப்பது, நூலால் இறுக்குவது, எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் துப்பும். ஆனால் அந்த இரைச்சலில் என் காது போனதுதான் மிச்சம். இங்கே புகையிலைத் தூசில் இவர்களுக்கு நெஞ்சு போகிறது. இரண்டு தேசத்திலும் கடைசியில் போவது வேலை செய்கிறவளின் உடம்புதான்.

கன்னியம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். மடிப்புக் கலையாத பட்டுப்புடவையில், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் கறுத்து, நகம் தேய்ந்திருந்தன. நாற்காலி அவளுக்குப் பழக்கமில்லை, தரையும் முறமும்தான் பழக்கம் என்று பார்த்ததுமே தெரிந்தது. டயான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர் பக்கத்தில் இருந்த தேசிங்கு. அரிசி ஆலை, இரண்டு லாரி, வெள்ளை வேட்டி. "நான் சும்மா ஒத்தாசை. எல்லாம் எங்க ஓனரம்மாதான்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொன்னார்.

என்னை முதலில் 'மேடம், மேடம்' என்றார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"அட, நம்ம பக்கமா? ஊர்லயா, காலனியிலயா?"

கனடாக் குடியுரிமையெல்லாம் இருந்து என்ன, வாய் தானாகச் சொல்லிவிட்டது. "காலனி."

"யார் பொண்ணு?"

"சூசை பொண்ணு."

"நம்ம கழனியில ஏர் ஓட்டுன சூசையா? அந்த மாதா கோயில் தெருவு சூசை? பேஷ், பேஷ். நீ இன்னா பேரு?"

"ஜெசிந்தா."

"நல்லா வந்துட்ட ஜெசிந்தா" என்றார். அதற்குப் பிறகு மேடம் டயான் மட்டும்தான்.

மதியம் கோழிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு நான் பின்பக்கத் தொட்டியில் கை கழுவப் போனேன். கன்னியம்மா சொம்போடு பின்னாலேயே வந்து தண்ணீர் ஊற்றினாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன். அந்தம்மாகிட்ட சொல்லாத. நான் ஓனரு இல்ல. கையெழுத்து மட்டுந்தான் என்து."

"தெரியுது."

"உனுக்குத் தெரிஞ்சா பரவால்ல. அந்தம்மாக்கு வேணாம். இந்த ஆர்டரு போச்சின்னா இவ்ளோ பேரும் மறுபடி சூளைக்குத்தான் போவணும், புள்ள குட்டியோட."

செங்கல் சூளை என்றால் கொத்தடிமை என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. தலையாட்டினேன்.

"எனுக்கு ஒரே ஒண்ணு வோணும் யக்கா. என் சாதி அட்டை அவர் பீரோவுல கீது. பல வருசத்துக்கு முன்ன அவர்தான் என்னக் கூட்டிகினு போயி எடுத்துக் குடுத்தாரு, அத்த வெச்சித்தான் கவர்மெண்ட் லோன்ல இந்த ஷெட்டே வந்துச்சி. இப்ப எம் பொண்ணுக்கு அட்டை எடுக்கணும், நர்ஸ் படிப்புக்கு. ஜெராக்ஸ் காட்டுனா, உங்கம்மாளோட ஒரிஜினல எடுத்துகினு வான்னு செங்கல்பட்டு சப்-கலெக்டர் ஆபீசுல தொரத்திட்டாங்க. ஒரு வருசம் போச்சி. பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டு இங்கதான் பீடி சுத்திகினு கீறா. வர்ற வெள்ளிக்கெழம காலைல பத்து மணிக்கு மறுபடி விசாரணைக்குக் கூப்டுகீறாங்க."

"கேட்டுப் பாக்கலையா?"

"கேட்டா, இன்னா அவசரம்ன்றாரு. அவ படிச்சிட்டுப் பூட்டா எனுக்கப்புறம் கையெழுத்து போட அவருக்கு ஆளு வோணாமா?" சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "அந்தம்மா ஒரிஜினல் பாக்கணும்னு சொன்னா வெளிய எடுப்பாரு. எடுத்தா போதும். என் கைக்கு வந்துட்டா வெளிநாட்டாளு எதிர்ல பிடுங்க மாட்டாரு. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன். அவள் என் ஈரக் கையைப் பிடித்துவிட்டு உடனே விட்டாள்.

இருளருக்குச் சாதிச் சான்று கிடைப்பது பெரும்பாடு. பாம்பு பிடிக்கத் தெரியுமா, என்ன சாமி கும்பிடுவீர்கள் என்று அதிகாரிகள் பரீட்சை வைப்பார்கள். பழைய கையெழுத்து அட்டையின் கோப்பு காணாமல் போயிருக்கும். இருக்கிற ஒரு அட்டைதான் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வழி. டயானிடமும் ஒரு அட்டை இருக்கிறது, இவள் இன்ன குடி என்று அவள் நாட்டு அரசாங்கம் கொடுத்தது. அந்த அட்டையைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் அது அவள் கைப்பையில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் காரில் டயானிடம் சொன்னேன், சுங்கத்துறை கேட்டால் காட்டக் கன்னியம்மாவின் அசல் சான்றைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது என்று. உடனே பிடித்துக்கொண்டாள். "கட்டாயம். எங்கள் பக்கம் எத்தனை வெள்ளைக்காரன் எங்கள் ஆள் ஒருத்தனை முன்னால் நிறுத்திப் புகையிலை விற்கிறான் தெரியுமா? அப்படிப்பட்டவனோடு நான் கை குலுக்க மாட்டேன்" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை மாசி மகம். மாமல்லபுரம் கடற்கரைக்கு எங்கெங்கிருந்தோ இருளர் குடும்பங்கள் வந்து, புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். விடியலில் மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேயே. பார்க்க வேண்டும் என்று டயான் சொன்னதால் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். டிரைவர் குறுக்குவழி என்று சவுக்குத் தோப்புக்குள் விட்டு, வண்டியின் பின்சக்கரம் மணலில் புதைந்தது. அவன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. கூடாரத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து, சக்கரத்துக்கடியில் பனைமட்டையைச் செருகித் தள்ளிவிட்டார்கள். "துட்டு இன்னா வோணும்?" என்று டிரைவர் கேட்டான். "டீ வாங்கிக் குடு அண்ணாத்த" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

கன்னியம்மா அங்கே வேறு ஆளாக இருந்தாள். சாயம்போன நூல்புடவை, அள்ளி முடிந்த தலை, எல்லோரையும் அதட்டும் குரல். பொண்ணு திவ்யாவைக் காட்டினாள். ஒல்லியாக, அம்மாவின் கறுத்த விரல்களோடு இருந்தாள். "அங்க ஆஸ்பத்திரியில வேல செய்றீங்களா அத்த?" என்று கேட்டாள். இல்லை, சிகரெட் கம்பெனி என்றேன். "அப்ப நீங்க பேஷண்ட்டு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். வாய்க்கொழுப்பு. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

டயான் தன் ஊர் வழக்கப்படி, சிவப்புத் துணியில் முடிந்த ஒரு பிடி புகையிலையைக் கன்னியம்மாவிடம் நீட்டினாள். ஒருவரிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் அவர்கள் முதலில் புகையிலை கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். நான் விளக்கினேன். கன்னியம்மா வாங்கி, மோந்து பார்த்து, ஒரு சிட்டிகையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மீதியை முந்தானையில் முடிந்தாள். "காரம் பத்தல" என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. டயானுக்குக் கண் கலங்கியிருந்தது.

மணலிலேயே உட்கார்ந்து நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். என் சின்ன வயதில் எங்கள் காலனிக்குள் இருளர் வந்தால் தெருமுனையிலேயே நிறுத்தித்தான் பேசுவோம். ஊர்க்காரர்கள் எங்களை எங்கே நிறுத்துவார்களோ, அதற்கு இரண்டடி தள்ளி நாங்கள் இவர்களை நிறுத்துவோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் தவறாமல் போவோம். அதை நினைத்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினேன். கூச்சமாக இருந்தது, பசியும் இருந்தது.

கிளம்பும்போது திவ்யா, "நாளைக்கு அம்மா அட்டையோட வந்துடும்ல?" என்று கேட்டாள். வந்துவிடும் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தேசிங்கின் அரிசி ஆலை ஆபீசில் உட்கார்ந்தோம். ஆர்டரில் கையெழுத்தாக வேண்டும். டயானுக்கும் எனக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலி, தேசிங்குக்கு அந்தப் பக்கம். கன்னியம்மாவுக்கு நாற்காலி, படம் எடுக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் எனக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றாள். டயான் தன் போனை டிரைவரிடம் கொடுத்து, நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டே இரு என்று சொல்லியிருந்தாள்.

டயான் அசலைக் கேட்டாள். நான் சொன்னேன்.

"எதுக்கு? ஜெராக்ஸ் தர்றனே."

"அங்க சட்டம் சார். அசல்தான் பாக்கணுமாம்."

தேசிங்கு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, எழுந்து போய், பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட அட்டையைக் கொண்டுவந்து டயானிடம் கொடுத்தார். ஓரம் மஞ்சளேறிய அட்டை. மூலையில் சின்ன வயதுக் கன்னியம்மா, பயந்த கண்களோடு. டயான் தன் அட்டையையும் எடுத்து இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். "பார், நீ யார் என்று உனக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று கன்னியம்மாவைப் பார்த்துச் சொன்னாள். சிரித்தாள். டிரைவரைக் கூப்பிட்டு அதைப் படம் எடுக்கச் சொன்னாள். தன் அட்டையைப் பைக்குள் போட்டாள். இன்னொன்றை என் கையில் கொடுத்து, "திருப்பிக் கொடுத்துவிடு" என்றாள்.

யாரிடம் என்று அவள் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அதில் சொல்ல என்ன இருக்கிறது?

தேசிங்கு கையைக் கூட நீட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டி, அட்டையைத் தேசிங்கிடம் கொடுத்தேன். பெரிய இடத்தில் எதையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யோசித்துச் செய்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். யோசிப்பதற்கு முன்பே கை போய்விட்டது.

அவர் வாங்கி, மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"அது... அவங்ககிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா ஜெசிந்தா?"

"இல்ல, அவங்க அட்டை..."

"இங்கயே பத்திரமா கெடக்கட்டும். ஓனரம்மா எங்க வெப்பாங்க? கொட்டாயில எலி கடிச்சிடும்." மூலையில் உட்கார்ந்திருந்த ஆலைக் கணக்குப்பிள்ளை சிரித்தார். டிரைவர் சிரித்தான். என்ன வேடிக்கை என்று தெரியாமல் டயானும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கன்னியம்மா கைகளை இறக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். படத்துக்கு நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தாள். வெளியே வந்து கார்க் கதவைத் திறக்கும்போதுதான் என் பக்கத்தில் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் பக்கத்துலதான யக்கா நின்னுகினு இருந்தேன்" என்றாள்.

ஏதோ தப்பு நடந்துவிட்டது, நான் அவரிடம் பேசி வாங்கித் தருகிறேன் என்று உளறினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

டயானிடம் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள், பதினாலு பேர் சூளைக்குப் போவார்கள், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் உண்டு. ஆனால் காலனிப் பெண் ஒரு வெள்ளை வேட்டிக்கு முன்னால் எழுந்து நின்ற கதையை என் முதலாளியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் பெரிய உண்மை.

சாயங்காலம் தேசிங்குக்குப் போன் செய்தேன். அட்டையை ஒரே ஒரு நாள் கொடுங்கள், பிள்ளை படிப்பு என்று கெஞ்சினேன். "நாளைக்கு நான் காஞ்சிபுரம் போறேன். ஆபீஸ் சாவி என்னாண்டதான் இருக்கும். திங்கக்கெழம பாக்கலாம்" என்றார். பிறகு, "நீ ஏன் இதுல தலையிடற? வந்த வேலையப் பாத்துகினு போவியா?" என்றார். அதட்டவில்லை, நல்லவிதமாகத்தான் சொன்னார். இரவு விடுதிச் சாப்பாட்டைத் தொடவில்லை. டயான் எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து இஞ்சி டீ வரவழைத்தாள்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். சிறுசேரி முனையில் ஐ.டி. கம்பெனி பஸ்களும் கேப்களும் அடைத்துக்கொண்டு நின்றன. கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். மணி பத்தரை. செங்கல்பட்டில் திவ்யாவின் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். அம்மாவும் பொண்ணும் வெறுங்கையோடு போனார்களா, போகவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்கத் துணிச்சல் வரவில்லை.

டயான் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவர் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றில் நின்றாள். போனை என்னிடம் நீட்டினாள். நான் மேசைக்கு மேல் குனிந்து அட்டையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், தேசிங்கு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் பட்டுப்புடவையில் கன்னியம்மா, இரண்டு கையையும் ஏந்தியபடி.

"இவள் ஏன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்?" என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில் நன்றி சொல்வது அப்படித்தான்" என்றேன்.

டயான் படத்தைப் பெரிதாக்கி, எங்கள் இருவரையும் வெட்டிவிட்டுக் கன்னியம்மாவை மட்டும் வைத்துக்கொண்டாள். ரொம்ப அழகாக இருக்கிறது, பீடிப் பெட்டி மேல் இதையே போடலாம் என்றாள்.